பதிமூன்று கோடுகளில் உப்பு

எங்கள் வீட்டில் வாரத்துக்கு இரண்டு சண்டையாவது இருக்கும். குழம்பில் புளி ஏறிவிட்டது, பைக் சாவியைக் கண்ட இடத்தில் போட்டுவிட்டார், நான் போனை வைத்துக்கொண்டு அவர் பேச்சுக்கு 'ம்' மட்டும் கொட்டினேன், காரணம் எதுவாகவும் இருக்கலாம். நான் கத்துவேன். என் கணவர் காதே கேட்காதவர் போல உட்கார்ந்திருப்பார். பிறகு ஒரே ஒரு வார்த்தை சொல்வார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் அரை மணி நேரம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சாப்பிட உட்காருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இப்படியே மூன்று வருஷம் நன்றாகக் குடும்பம் நடத்தினோம். போன ஜனவரியில் அந்தச் சண்டை நின்றுபோனது.

நான் புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். மரக்காணத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். ஜன்னல் சீட் கிடைத்தால் அனுமந்தை வரை தூக்கம், அதற்குப் பிறகு பொம்மையார்பாளையம் வரும்வரை படிப்பு. என் கணவர் குத்தகைக்கு எடுத்த உப்பளத்தில் உப்பு விளைவிக்கிறார். பத்தாவது வரை படித்தவர். குழந்தை இன்னும் இல்லை. கேட்கிறவர்களிடம், "இந்த வருஷம் மழ ஜாஸ்திங்க, அடுத்த வருஷம் வெளையும்" என்று முகத்தை மாற்றாமல் சொல்லி அனுப்பிவிடுவார். கேட்டவர்கள் சிரிப்பதா, வருத்தப்படுவதா என்று தெரியாமல் போய்விடுவார்கள்.

பஸ்ஸில் நான் படித்தது ஜப்பானிய மொழி. ஜப்பானில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு நர்ஸ் படித்தவர்களை எடுக்கிறார்கள் என்று எங்கள் வார்டில் பேச்சு வந்தபோது நாங்கள் ஆறு பேர் வகுப்பில் சேர்ந்தோம். கடைசியில் நான் ஒருத்திதான் மிஞ்சினேன். ஏன் போகிறாய் என்று கேட்டவர்களிடமெல்லாம் சம்பளத்துக்கு என்று சொன்னேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, எனக்குப் போகணும், அவ்வளவுதான். நான் பிறந்தது, படித்தது, வேலை பார்ப்பது, கல்யாணம் செய்துகொண்டது எல்லாமே ஒரே பஸ் ரூட்டில். வாழ்க்கையில் ஒரு தடவையாவது அந்த ரூட்டை விட்டு இறங்கிப் பார்க்க ஆசை. ஆசைக்குக் காரணம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கேட்டால் கோபம்தான் வரும்.

முதல் தடவை தேர்வில் தோற்றேன். இரண்டாவது தடவை எழுதியதற்கு ஜனவரிக் கடைசியில் ரிசல்ட் வந்தது. பாஸ். மறுநாளே பயிற்சி மையத்தில் ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். குடும்பத்தார் சம்மதப் படிவம். கல்யாணமானவர்களுக்குக் கணவனோ மனைவியோ கையெழுத்துப் போட வேண்டும். ஐந்து வருஷம் வரை அங்கே வேலை. குடும்பத்தைக் கூடவே அழைத்துப்போக முடியாது. இதையெல்லாம் படித்துப் புரிந்துகொண்டு மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறேன் என்று தமிழிலேயே அச்சடித்திருந்தது. ஏப்ரல் கடைசிக்குள் திருப்பித் தர வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லையென்றால் என் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும்.

வீட்டுக்கு வந்து அவர் முன்னால் வைத்தேன். ஒரு வரி விடாமல் படித்தார். படிக்கும்போது உதடு அசைந்தது.

"போட்டுட்றேன்" என்றார். மடித்து பீரோவில் ரேஷன் கார்டோடு வைத்தார்.

அவ்வளவுதான். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து மனுஷன் ரொம்ப நல்லவராகிவிட்டார். நான் எழுந்திருப்பதற்குள் டீ போட்டு வைத்திருந்தார். குடத்தில் தண்ணீர் நிரம்பியிருந்தது. பைக் சாவி ஆணியில் தொங்கியது. என்னை பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டுவிட்டு பஸ் வரும்வரை நின்றார். இப்படிப்பட்டவரிடம் எதற்குச் சண்டை போடுவது? நானும் மரியாதைக்காரியாகிவிட்டேன். சண்டை வந்தால் நான் 'யோவ்', 'நீ' என்று இறங்கிவிடுவது வழக்கம். அந்த மூன்று மாதமும் 'ங்க' இல்லாமல் என் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. லாட்ஜில் பக்கத்துப் பக்கத்து அறைக்காரர்கள் மாதிரி இருந்தோம். படிவத்தைப் பற்றி நான் மறுபடி கேட்கவில்லை. எனக்கு வீம்பு.

அதே வாரம்தான் அந்த எழுத்தும் எங்கள் வீட்டுக்கு வந்தது.

தேர்வு முடிந்துவிட்டதால் பராமரிப்பு வேலைக்கு வேண்டிய சொற்களைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை போனில் வகுப்பு. அரிசி டிரம் மேல் போனைச் சாய்த்துவைத்து, கீழே நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். சென்னையிலிருந்து பாடம் நடத்தும் எங்கள் டீச்சர் பொறுமைசாலி. திரையில் பெரிதாக ஒரு எழுத்து வந்தது.

塩

"இது நீங்க எழுதின எக்ஸாம் லிஸ்ட்ல இல்லாத எழுத்து. ஆனா அங்க கிச்சன்ல, சாப்பாட்டு சார்ட்ல தினமும் பாப்பீங்க. அர்த்தம், உப்பு" என்றார் டீச்சர்.

என் பின்னால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த என் கணவர் நின்றுவிட்டார். ஒன்றரை வருஷமாக நான் எத்தனையோ எழுத்து படித்திருக்கிறேன். மலை, ஆறு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. ஒன்றையும் அவர் எட்டிப் பார்த்ததில்லை. இதற்குத் துண்டோடு வந்து என் பக்கத்தில் குந்தினார்.

தனியாக நின்றால் அந்த எழுத்தை 'ஷியோ' என்று படிக்க வேண்டும். வேறு எழுத்தோடு சேர்ந்தால் பெரும்பாலும் 'என்'. நம் 'என்' மாதிரியே ஒலிக்கும், ஆனால் அர்த்தம் அங்கேயும் உப்புதான். சீன தேசத்திலிருந்து எழுத்து வந்தபோது அந்த ஊர் உச்சரிப்பும் கூடவே வந்தது, தங்கள் ஊர்ச் சொல்லையும் அவர்கள் விடவில்லை என்று டீச்சர் விளக்கினார். இந்த இரட்டைப் படிப்பு என்னைப் பல மாதம் அழவைத்த விஷயம். எது எங்கே வரும் என்று மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.

"வீட்ல ஒரு பேரு, ஆதார்ல ஒரு பேரு. இதுல இன்னா கஷ்டம்?" என்றார் இவர்.

நான் மைக்கை அணைத்திருந்தேன். இல்லாவிட்டால் டீச்சர் இவரையே உதவிக்கு வைத்துக்கொண்டிருப்பார்.

பிறகு டீச்சர் எழுத்தைப் பிரித்துக் காட்டினார். இடது பக்கம் இருப்பது மண். வலது பக்கம் மேலே குனிந்த ஆளைப் போல ஒரு சின்னக் கோடும் குறுக்குக் கோடும். அதற்குக் கீழே சதுரமாக வாய். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு தட்டு. இந்த எழுத்து முன்னொரு காலத்தில் இன்னும் சிக்கலாக இருந்தது, பிறகுதான் சுருக்கினார்கள், அதனால் இப்படிப் பிரிப்பதைச் சரித்திரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஞாபகம் வைக்க ஒரு வழி என்று எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். மண்ணிலிருந்து வந்ததை ஒரு ஆள் குனிந்து வாயில் வைத்துப் பார்த்துத் தட்டில் போடுகிறான். உப்பு.

"கரெக்ட்டாத்தான் எழுதிக்கிறான்" என்றார் இவர். "தண்ணிய நாக்குல வச்சிப் பாக்காம நாங்க மட்டும் அடுத்த பாத்திக்கு மாத்திடுவமா?"

அடுத்த சொல் 'என்தென்'. உப்பு எழுத்துக்குப் பக்கத்தில் வயல் எழுத்து. அது ஒரு சதுரம், உள்ளே கூட்டல் குறி. இரண்டும் சேர்ந்தால் உப்பளம். இவர் அந்தக் கூட்டல் குறி போட்ட சதுரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். விரலால் திரையில் தொட்டார். எழுத்து நகர்ந்து வகுப்பில் இருப்பவர்களின் முகங்கள் வந்துவிட்டன. நான் அவசரமாகப் பின்னால் தள்ள வேண்டியிருந்தது.

"நாலு பாத்தி. நடுவுல வரப்பு. இது இன்னா எழுத்து, இது நம்ம எடம்" என்று சிரித்தார். படிவம் வந்த பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

அன்றிலிருந்து மாலையில் நான் படிக்க உட்கார்ந்தால் எதிரில் வந்து உட்கார்ந்துகொள்வார். கரண்டு பில்லின் பின்பக்கத்தில் பென்சிலால் அந்த ஒரே எழுத்தை எழுதிப் பார்ப்பார். வேறு எழுத்து சொல்லித்தருகிறேன் என்றால் வேண்டாம் என்றுவிட்டார். மொத்தம் பதிமூன்று கோடுகள். எந்தக் கோடு முதலில், எது அடுத்து என்று ஒரு ஒழுங்கு இருக்கிறது. அதை மாற்றினால் எழுத்து பார்க்க ஒன்று போல இருந்தாலும் தப்புதான். இவர் தட்டிலிருந்து ஆரம்பிப்பார். "அடி கெட்டியா இருந்தாத்தான மேல நிக்கும்" என்பார். மேலிருந்து கீழே, இடமிருந்து வலம் என்று நாலு நாள் சொன்னேன். பழைய நானாக இருந்தால் பென்சிலைப் பிடுங்கியிருப்பேன். "அப்படி இல்லீங்க, இப்படிங்க" என்று ஆஸ்பத்திரியில் பேஷண்ட்டிடம் பேசுவது போலப் பேசினேன்.

ஐந்தாம் நாள் அவரே கண்டுபிடித்தார். உப்பு வாருவதற்கு நீளக் கழியின் முனையில் ஒரு பலகை வைத்திருப்பார்கள். வரப்பில் நின்றபடி பலகையைப் பாத்தியின் தூரத்து ஓரத்தில் போட்டு, உப்பைத் தங்கள் பக்கம் இழுப்பார்கள். "பலக போட்ற மாதிரி. தூரத்துல போட்டு நம்மகிட்ட இழுக்கணும். தள்ளக் கூடாது. அதான?" என்று கேட்டார். அதேதான். ஒன்றரை வருஷத்தில் எந்த டீச்சரும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. அதற்குப் பிறகு அவருக்கு ஒரு கோடுகூடத் தப்பவில்லை. என் எழுத்தைவிட அவர் எழுத்து அழகாக வந்தது. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

பயன்பாடுகளை நான் சத்தமாகப் படிப்பேன், அவர் கேட்பார். 'என்புன்' என்றால் உணவில் இருக்கும் உப்பின் அளவு. இரத்த அழுத்தம் உள்ளவர்களின் சார்ட்டில் அதைக் குறைக்கச் சொல்லி எழுதியிருக்கும். 'ஷியோ ககென்' என்றால் உப்புப் பதம். கொஞ்சம் கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல் போடுகிற கைப்பழக்கம். இவருக்கு அந்தச் சொல் பிடித்துப்போனது. ரசத்தை வாயில் வைத்துவிட்டு, "ஷியோ ககென் சரியா இருக்குது" என்று சொல்ல ஆரம்பித்தார்.

ஒரு நாள் டீச்சர் பாடத்துக்கு வெளியே ஒரு சொல் சொன்னார். 'ஷியோ தாயியோ'. உப்பு போன்ற நடத்தை. அங்கே இளவட்டங்கள் இப்போது பேசுவது. ஒருத்தர் நம்மிடம் பேசவேண்டியதை மட்டும் பேசி, முகம் கொடுக்காமல், ஒட்டாமல் நடந்துகொண்டால் அப்படிச் சொல்வார்களாம். இதை மாலையில் அவரிடம் சொன்னேன். சொல்லும்போது நான் கொஞ்சம் குத்தலாகத்தான் சொன்னேன். எங்கள் வீட்டில் நடப்பது அதுதானே.

அவர் குத்தலைக் கவனிக்கவில்லை. உப்பின் சார்பாகக் கோபப்பட்டார். "இன்னாது அநியாயம்? ஒட்டாம இருக்கறவனப் பாத்தா உப்பு இல்லாதவன்னுதான சொல்லணும்? சூடு சொரண இல்லாதவனத்தான் நம்ம ஊர்ல அப்படி சொல்லுவோம். இவனுங்க தலகீழா சொல்றானுங்க" என்றார். பிறகு பென்சிலை எடுத்து மறுபடி பதிமூன்று கோடுகளை இழுத்தார். அந்த நேரத்தில் எனக்கு அவரை உலுக்க வேண்டும் போல இருந்தது. இவ்வளவு பேசுகிறாயே, எனக்கு வேண்டிய அந்த ஒரு வார்த்தையைப் பேசக் கூடாதா?

பிப்ரவரியில் உப்பளத்தில் மிதிப்பு வேலை. மழைத்தண்ணீரை வடியவிட்டு, பாத்தியின் களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்துச் சமமாக்குவார்கள். தரை கெட்டியாகிப் பளபளவென்று ஆனால்தான் உப்புத்தண்ணீர் விட முடியும். அந்தத் தரையில் ஒரு கீறல் இருந்தாலும் பலகை அதில் மாட்டி மண்ணைப் பெயர்க்கும். பெயர்ந்த மண் உப்பில் கலந்துவிடும். அதனால் மிதித்து முடித்த பாத்திக்குள் யாரும் கால்கூட வைக்கமாட்டார்கள். நாய் ஓடினாலே கல்லை எடுப்பார்கள். இவரும் அதில் ரொம்பக் கறார்.

மார்ச்சில் ஒரு நாள் எனக்கு டியூட்டி இல்லை. சாப்பாடு எடுத்துக்கொண்டு உப்பளத்துக்கு நடந்தேன். பக்கத்துப் பாத்திக்காரர் வழியிலேயே என்னை நிறுத்தினார். வயதில் பெரியவர், வாயும் பெரியது.

"ஏம்மா, உன் வூட்டுக்காரனுக்கு இன்னா ஆச்சு? பாத்தியில கோலம் போட்டுக்கிறான். முத உப்பு பூரா சேறு. போய்ப் பாரு."

போய்ப் பார்த்தேன். வரப்பை ஒட்டிய முதல் பாத்தியில் தண்ணீரை வடித்திருந்தார்கள். ஓரத்தில் வாரிப்போட்ட உப்பு வெள்ளையாக இல்லை, சாம்பல் நிறத்தில் ஈரமாகக் கிடந்தது. கறுத்த தரையில் ஆள் உயரத்துக்கு அந்த எழுத்து இருந்தது. கோடுகளின் பள்ளத்தில் மட்டும் உப்பு தங்கி வெளுத்திருந்தது. மண், குனிந்த ஆள், வாய், தட்டு, ஒரு கோடும் விடவில்லை. நான் சாப்பாடு கொண்டுவந்தால் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும்படி எழுதியிருந்தார்.

மிதித்து முடித்த ஈரத்தில் கழி நுனியால் எழுதியிருக்கிறார். மறுநாளே தண்ணீர் விட்டால் ஊறி அழிந்துவிடும், அதற்குள் நான் ஒரு எட்டு வந்து பார்த்துவிடுவேன் என்று நினைத்திருக்கிறார். நான் வரவில்லை. வார்டில் ஆள் இல்லை என்று தொடர்ந்து டியூட்டி போட்டுவிட்டார்கள். அதே நேரம் தண்ணீர் இறைக்கும் மோட்டாரும் ரிப்பேர். எட்டு நாள் வெயிலில் காய்ந்து எழுத்து சிமெண்ட் மாதிரி இறுகிவிட்டது. வந்து பார் என்று என்னைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. மிதித்து அழித்திருக்கலாம். அதற்கும் மனசு வரவில்லை. அப்படியே தண்ணீரை விட்டுவிட்டார்.

"எதுக்குங்க இப்படிச் செஞ்சீங்க?" என்றேன்.

"தப்பு என்மேலதாங்க" என்றார்.

அவர் எனக்கு 'ங்க' போட்டார். மூன்று வருஷத்தில் முதல் முறை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது, இரண்டையும் முழுங்கினேன். அன்று மத்தியானமே அவரும் இரண்டு கூலி ஆட்களும் இறங்கித் தண்ணீர் தெளித்து அந்தப் பாத்தியை மறுபடி மிதித்தார்கள். நான் வரப்பில் நின்று பார்த்தேன். தட்டிலிருந்து ஆரம்பித்து மேலே போனார். மண் எழுத்தைக் கடைசியில் மிதித்தார். அப்போதாவது நான் படிவத்தைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் வந்தது. பயிற்சி மையத்திலிருந்து இரண்டு தடவை போன் செய்தார்கள். இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது என்றார்கள். "வீட்ல கொஞ்சம் வேல, கொடுத்துட்றேன்" என்று பொய் சொன்னேன். பீரோவைத் திறந்து படிவம் எப்படி இருக்கிறது என்று பார்க்கக்கூட என் வீம்பு விடவில்லை.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் உப்பு வாரி முடிக்கிற நேரத்துக்குப் போனேன். வழியில் ஒரு வீட்டு மரத்திலிருந்து இரண்டு மாங்காய் கொடுத்தார்கள். பச்சைப் பசேலென்று, பார்த்தாலே பல் கூசும். வரப்பில் உட்கார்ந்து டப்பா மூடியில் வைத்துக் கீறினேன். மாங்காய்க்கு உப்பு வேண்டும். உப்பளத்தில் உட்கார்ந்துகொண்டு உப்புக்கு எங்கே போவது? அவர் வாரிக் குவித்த உப்பு அம்பாரத்தின் பக்கத்தில் நின்றிருந்தார்.

"கொஞ்சம் உப்பு குடுங்க" என்று மூடியை நீட்டினேன்.

அவர் ஒரு பிடி அள்ளினார். மூடியில் போடவில்லை.

"கைய நீட்டு."

எங்கள் பக்கம் உப்பைக் கையில் கொடுக்கமாட்டார்கள். கையிலிருந்து கைக்கு உப்பு மாறினால் அந்த இரண்டு பேருக்கும் சண்டை வரும் என்பார்கள். உப்பளத்துக்காரர்கள் இதில் மற்றவர்களைவிடக் கண்டிப்பு. நாள் முழுக்க உப்பிலேயே கிடப்பவர்கள், பக்கத்து ஆள் கஞ்சிக்கு ஒரு சிட்டிகை கேட்டால் வரப்பில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார்கள், அவர் எடுத்துக்கொள்வார்.

"பைத்தியமா உங்களுக்கு? கையில வாங்கினா சண்ட வரும்."

"வரட்டும். வந்து மூணு மாசமாச்சு" என்றார்.

அவர் கை நீட்டியபடியே இருந்தது. விரலிடுக்கில் உப்பு உதிர்ந்துகொண்டிருந்தது. நான் மூடியைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினேன். கல்லுப்பு, ஈரமும் சூடுமாக என் உள்ளங்கையில் விழுந்தது. நான் மூடிக்கொண்டேன்.

இரண்டு பேரும் நின்றோம். சண்டையை எப்படி ஆரம்பிப்பது என்று எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

"நீ ஆரம்பி" என்றார்.

"நான் ஏன்? உப்பு குடுத்தது நீங்க."

"மொதல்ல அந்த 'ங்க'வ விடு. கேக்கவே ஒரு மாதிரி இருக்குது."

"சரி. ஏன்யா இன்னும் கையெழுத்துப் போடல?"

"நீ ஏன் கேக்கல?"

"நான் ஏன் கேக்கணும்? உன்கிட்ட பிச்ச கேக்கறனா? புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லணும். டீ போட்டுக் குடுத்தா ஆச்சா? தண்ணி புடிச்சி வச்சா ஆச்சா? மூணு மாசமா தினம் பஸ் ஸ்டாப்புல நிக்கிறியே, ஒரு வார்த்த வந்துச்சா உன் வாயில? சோத்துல உப்பு போட்டுத்தான திங்கற?"

"டன் கணக்குல போட்டுத் திங்கறேன். நீ மட்டும் இன்னா? அந்த மையத்துக்காரன்கிட்ட அவ்ளோ பேசற, டீச்சர்கிட்ட பேசற, என்கிட்ட வந்தா நர்ஸம்மா மாதிரி பேசற. பாத்தியில எழுதினேன். பாத்துட்டு இன்னா கேட்ட? எதுக்குங்கன்னு கேட்ட. எதுக்குன்னு தெரியாது உனக்கு?"

பக்கத்துப் பாத்திக்காரர் வேலையை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. குரல் உயர உயர உடம்பு லேசானது.

"போவாதன்னு நெனச்சா போவாதன்னு சொல்ல வேண்டியதுதான?" என்றேன்.

"சொன்னா நீ நின்னுடுவ." அவர் குரல் இறங்கிவிட்டது. "வாய்தான் நீளம் உனக்கு. நான் சொன்னா நின்னுடுவ, எனக்குத் தெரியும். அப்புறம் தினம் காலைல அதே பஸ்ஸுல உக்காந்து என்னத் திட்டிக்கினே போவ. சத்தமா திட்டினா கவல இல்ல. மனசுக்குள்ள திட்டுவ. அத என்னால தாங்க முடியாது."

"அப்ப போன்னு சொல்லு."

"அதத்தான் மூணு மாசமா சொல்லப் பாக்கறேன். வர மாட்டேங்குது."

கையிலிருந்த உப்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவர் பைக்கின் பக்கப் பெட்டியைத் திறந்து பாலித்தீன் கவரை எடுத்தார். உள்ளே அந்தப் படிவம். பீரோவில் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது. தினமும் காலையில் எடுத்துவந்து, தினமும் மாலையில் கையெழுத்தில்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். மடிப்பு நைந்து போயிருந்தது.

"இதுல மனப்பூர்வமாகன்னு போட்டுக்குது. எத்தன தடவ படிச்சிட்டேன். எனக்கு அவ்ளோ மனசு இல்ல. பாதி மனசுதான் இருக்குது. பாதி மனசுக்கு எங்க கையெழுத்துப் போடறது, சொல்லு."

நான் அழுதுவிட்டேன். மறைக்கவும் இல்லை. "எனக்குப் போகணும்யா" என்றேன். "உன்ன விட்டுட்டுப் போகணும்னு இல்ல. போகணும், அவ்ளோதான். அது உன்னால இல்ல. உன்கிட்ட ஒரு கொறையும் இல்ல. சாவிய மட்டும் ஒழுங்கா வைக்க மாட்ட."

"இப்ப ஆணியிலதான மாட்றேன்."

"எனக்குப் புடிக்கல. எடுத்துக் கண்ட எடத்துல போடு."

அவர் பைக் சீட்டில் படிவத்தை விரித்தார். காற்றில் பறக்காமல் முழங்கையால் அழுத்திக்கொண்டார். என் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தேன், இடது கையால். வலது கையில் இன்னும் உப்பு இருந்தது. அவர் பேனா மூடியைத் திறந்து நிமிர்ந்தார்.

"இந்த ஒரு வார்த்தைய மட்டும் அடிச்சிட்டுப் போடலாமா?"

"அடிச்சா ஃபாரம் செல்லாது."

"அப்ப பொய்யாத்தான் போடணும்" என்று சொல்லிவிட்டு, பெயரை முழுதாக, அவசரப்படாமல் எழுதினார். கீழே தேதியும் போட்டார்.

மை காயும்வரை நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் சந்தோஷம் வரவில்லை. அவர் கையெழுத்துப் போடாமல் இருந்தவரை, போக முடியாவிட்டால் இவரால்தான் போகவில்லை என்று சொல்லிவிடலாம் என்ற நினைப்பு எனக்குள்ளே எங்கேயோ பத்திரமாக உட்கார்ந்திருந்திருக்கிறது. அது இப்போது இல்லை. போவது நான், போக வேண்டும் என்று சொன்னதும் நான். ஐந்து வருஷம் இந்த முகத்தைப் போனில் பார்க்கப் போகிறவளும் நான்தான்.

"பயமாயிருக்குது" என்றேன்.

அவர் பேனாவை மூடி என்னிடம் நீட்டினார்.

"நல்லதாப் போச்சு. எனக்கு மட்டும்தான்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார்.